ஈர்ப்பு அலை அளவீட்டில் குவாண்டம் இயற்பியல்

ஈர்ப்பு அலைகளை அளக்கும் கருவிகளின் நுண்மைக்கு இறுதி எல்லையை வகுப்பது குவாண்டம் இயற்பியல் ஆகும். அந்த எல்லையைக் கடந்து அளப்பதற்கு வழிகாட்டியதும் குவாண்டம் இயற்பியலே. ஈர்ப்பு அலை என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டில் இருந்து பெறப்படும் ஒன்று. அக்கோட்பாட்டில் குவாண்டம் கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும் அந்த அலையை அளக்கப் பயன்படும் ஒளி, ஒளியன்கள் எனப்படும் தனித்தனித் துகள்களால் ஆனது. ஃபோட்டான் எனவும் அழைக்கப்படும் இத்துகள்களின் ஒழுங்கற்ற வருகை, அளவீட்டில் ஓர் இரைச்சலை உண்டாக்குகிறது. கருவியை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் இந்த இரைச்சல் தானாக மறைவதில்லை.

ஹைசன்பர்க்கின் அறுதியின்மைக் கொள்கைப்படி இந்த இரைச்சலை முற்றிலும் நீக்க இயலாது. ஆனால் அதனை அளவீட்டுக்குத் தேவையற்ற ஒரு பக்கத்திற்குத் தள்ளிவிட இயலும். இவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட ஒளி 'அமுக்கிய ஒளி' எனப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் கோட்பாடாக முன்வைக்கப்பட்ட இம்முறை, 2019 ஆம் ஆண்டு முதல் லைகோ, விர்கோ ஆகிய ஆய்வுக்கூடங்களின் வழக்கமான வானியல் நோக்குகளில் பயன்பட்டு வருகிறது.

ஈர்ப்பு அலையின் அளவு

பெரும் நிறை கொண்ட பொருட்கள் முடுக்கத்துடன் இயங்கும்போது, அவற்றைச் சூழ்ந்துள்ள வெளியில் ஏற்படும் நெளிவு ஒளியின் வேகத்தில் பரவுகிறது. இதுவே ஈர்ப்பு அலை ஆகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் இதனை 1916 ஆம் ஆண்டில் எதிர்வுகூறினார். ஈர்ப்பு அலை ஓரிடத்தைக் கடந்து செல்லும்போது, அங்குள்ள தொலைவுகள் ஒரு திசையில் நீண்டும் அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்கியும் மாறிமாறி அசைகின்றன.

இந்த அசைவு மிகமிகச் சிறியது. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பதிவான ஈர்ப்பு அலை, 'ஜிடபிள்யூ150914' எனப் பெயரிடப்பட்டுள்ளது. சூரியனைப் போல ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றிணைந்ததால் அது எழுந்தது. மூன்று சூரியன்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் அப்போது ஈர்ப்பு அலையாக வெளிப்பட்டது. எனினும் அது புவியை அடைந்தபோது, தொலைவில் ஏற்படுத்திய மாற்றம் 10²¹ இல் ஒரு பங்கு மட்டுமே. நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இது 4×10⁻¹⁸ மீட்டர் ஆகும். அதாவது ஒரு புரோத்தனின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு.

இந்த அளவீட்டிற்காக ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குறுக்கீட்டுமானி செயற்படும் முறை

அமெரிக்காவின் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் ஆகிய இரு இடங்களில் லைகோ ஆய்வுக்கூடங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளை 'ட' வடிவில் கொண்டது. லேசர் எனப்படும் சீரொளியின் கற்றை ஒரு பிரிப்பியில் பட்டு இரண்டாகப் பிரிந்து, இரு கைகளின் வழியே சென்று, முனைகளில் தொங்கவிடப்பட்டுள்ள ஆடிகளில் தெறித்துத் திரும்புகிறது. திரும்பிய இரு கற்றைகளும் பிரிப்பியில் மீண்டும் சந்திக்கின்றன.

பிரிப்பிக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒரு வாயில் வழியே சீரொளி உள்ளே செல்கிறது. மற்றொரு வாயிலில் ஒளியுணரி வைக்கப்பட்டுள்ளது. இரு கைகளின் நீளமும் தகுந்தவாறு அமைந்திருந்தால், உணரி இருக்கும் பக்கத்தில் ஒரு கற்றையின் முகடும் மற்றதன் அகடும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே அந்த வாயில் இருளாக இருக்கும். இதனை 'இருள் வாயில்' எனலாம். ஈர்ப்பு அலையால் கைகளின் நீளம் சிறிது மாறினால், அழிவு முழுமையடையாமல் சிறிதளவு ஒளி இருள் வாயில் வழியே வெளிவரும். அந்த ஒளியின் ஏற்ற இறக்கமே ஈர்ப்பு அலையின் பதிவாகும். நடைமுறையில், அளவீட்டு வசதிக்காக இவ்வாயிலில் எப்போதும் மிகச் சிறிதளவு ஒளி கசியுமாறு கருவி அமைக்கப்படுகிறது.

ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஓர் ஆடி வைக்கப்பட்டுள்ளதால், ஒளி அதனுள் ஏறத்தாழ 300 முறை சென்று திரும்புகிறது. இதனால் கையின் பயனுறு நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகிறது. கைகளினுள் தேங்கும் ஒளியின் திறனும் பெருகுகிறது.

குவாண்டம் இரைச்சல்

நில அதிர்வு, வெப்பத்தால் ஏற்படும் நடுக்கம், சீரொளியின் சீரின்மை எனப் பலவகை இரைச்சல்கள் இக்கருவியைப் பாதிக்கின்றன. இவை பொறியியல் திறத்தால் படிப்படியாகக் குறைக்கக் கூடியவை. குவாண்டம் இரைச்சல் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. அது ஒளியின் இயல்பிலேயே உள்ளது. அது இரண்டு வடிவங்களில் தோன்றுகிறது.

ஒளியன் எண்ணிக்கை இரைச்சல்

தகரக் கூரையின் மேல் மழை பெய்வதை எடுத்துக்கொள்வோம். மழை ஒரே சீராகப் பெய்தாலும், ஒவ்வொரு நொடியிலும் விழும் துளிகளின் எண்ணிக்கை சமமாக இருப்பதில்லை. சராசரியாக 10,000 துளிகள் விழுமாயின், ஒரு நொடியில் நூறு கூடுதலாகவும் மறு நொடியில் நூறு குறைவாகவும் விழக்கூடும். இந்த ஏற்ற இறக்கம் சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்குச் சமமாகும்.

உணரியில் வந்து விழும் ஒளியன்களும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. 10,000 ஒளியன்களில் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு விழுக்காடு. பத்து இலட்சம் ஒளியன்களில் அது 1,000, அதாவது 0.1 விழுக்காடு. எனவே ஒளியின் திறனை நூறு மடங்கு கூட்டினால் அளவீட்டின் நுண்மை பத்து மடங்கு உயர்கிறது. லைகோவில் பயன்படும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில், ஒரு வாட் திறன் என்பது நொடிக்கு ஏறத்தாழ 5×10¹⁸ ஒளியன்கள் ஆகும். இவ்வளவு பெரிய எண்ணிக்கையிலும் எஞ்சும் ஏற்ற இறக்கம், ஈர்ப்பு அலையை மறைக்கப் போதுமானதாக உள்ளது. நூற்றுக்கணக்கான ஹெர்ட்சும் அதற்கு மேலும் உள்ள அதிர்வெண்களில் இதுவே முதன்மையான இரைச்சல் ஆகும்.

கதிரழுத்த இரைச்சல்

அவ்வாறாயின் ஒளியின் திறனை வரம்பின்றிக் கூட்டிக்கொண்டே போகலாமே என்னும் வினா எழலாம். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, வெப்பம். ஆடிகள் தம்மீது படும் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே உறிஞ்சினாலும், பல நூறு கிலோவாட் ஒளி படும்போது அதுவே அவற்றின் வடிவத்தைச் சிதைக்கப் போதுமானது. இரண்டாவது தடை குவாண்டம் இயற்பியலைச் சார்ந்தது.

ஒளி ஆடியில் பட்டுத் தெறிக்கும்போது அதனைத் தள்ளுகிறது. இது கதிர்வீச்சு அழுத்தம் எனப்படும். 200 கிலோவாட் ஒளி தரும் தள்ளுவிசை ஏறத்தாழ 1.3 மில்லிநியூட்டன், இது 0.14 கிராம் பொருளின் எடைக்கு ஒப்பானது. இவ்விசை மாறாமல் இருந்தால் அதனை ஈடுசெய்துவிடலாம். ஆனால் ஒளியன்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதால், தள்ளுவிசையும் ஏறி இறங்குகிறது. அதனால் ஆடி நடுங்குகிறது. ஒளியின் திறன் கூடும்போது இந்த நடுக்கமும் கூடுகிறது.

கனமான பொருளை வேகமாக முன்னும் பின்னும் அசைப்பது கடினம்; மெதுவாக அசைப்பது எளிது. ஆகையால் கதிரழுத்த இரைச்சல் குறைந்த அதிர்வெண்களிலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. அதிர்வெண் இரு மடங்காகும்போது, ஒரே அளவு விசைக்கு ஆடியின் அசைவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. லைகோவின் ஆடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோகிராம் நிறை கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

செந்தரக் குவாண்டம் எல்லை

ஒளியைக் கூட்டினால் எண்ணிக்கை இரைச்சல் குறைந்து கதிரழுத்த இரைச்சல் கூடுகிறது. ஒளியைக் குறைத்தால் இதன் மறுதலை நிகழ்கிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இவ்விரண்டும் சமமாக அமையும் ஒரு திறன் அளவு உண்டு. அப்போது கிடைக்கும் நுண்மையே செந்தரக் குவாண்டம் எல்லை எனப்படுகிறது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளாதிமிர் பிராகின்ஸ்கி, 1960களில் இவ்வெல்லையைச் சுட்டிக்காட்டினார்.

இது அறுதியின்மைக் கொள்கையின் நேரடி விளைவாகும். ஒரு பொருளின் இடத்தை மிக நுண்மையாக அளந்தால் அதன் உந்தம் கலைகிறது; கலைந்த உந்தம் அடுத்த அளவீட்டின்போது இடத்தையும் கலைத்துவிடுகிறது. 40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பொருளை, நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் இருமுறை அளந்தால், இக்கலைவு 10⁻¹⁹ மீட்டர் அளவினதாக இருக்கும். அன்றாடப் பொருட்களில் குவாண்டம் விளைவுகள் வெளிப்படுவதில்லை என்பது பொதுவான கருத்து. ஆனால் 10⁻¹⁸ மீட்டர் அளவிலான அசைவுகளைத் தேடும் ஒரு கருவிக்கு, 40 கிலோகிராம் எடையுள்ள ஆடியும் குவாண்டம் பொருளாகிவிடுகிறது.

இரைச்சல் நுழையும் வாயில்

கதிரழுத்த இரைச்சல் குறித்து 1970களில் ஒரு கருத்து வேறுபாடு நிலவியது. சீரொளியின் ஏற்ற இறக்கம் பிரிப்பியில் சமமாகப் பிரிந்து இரு கைகளுக்கும் ஒரே அளவில் செல்லுமாயின், இரு பக்க ஆடிகளும் ஒரே அளவில் தள்ளப்படும். குறுக்கீட்டுமானியோ இரு கைகளின் நீள வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது. எனவே கதிரழுத்த இரைச்சல் தானே நீங்கிவிட வேண்டும் என்று வாதிடப்பட்டது.

கார்ல்டன் கேவ்ஸ் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகளில் இதற்கு விடையளித்தார். குவாண்டம் கோட்பாட்டின்படி, ஒளியே இல்லாத வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் முற்றிலும் சுழியாக இருப்பதில்லை. அது சுழியைச் சுற்றிச் சிறிதளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சீரொளி நுழையாத இருள் வாயில் வழியே இந்த வெற்றிட ஏற்ற இறக்கம் கருவிக்குள் நுழைகிறது. பிரிப்பியில் அது சீரொளியுடன் கலக்கும்போது, ஒரு கையில் ஒளியைக் கூட்டினால் மறு கையில் குறைக்கிறது. ஆகவே ஆடிகள் எதிரெதிராகத் தள்ளப்படுகின்றன. குறுக்கீட்டுமானி அளப்பது இத்தகைய வேறுபாட்டையே என்பதால், இரைச்சல் நீங்குவதில்லை. ஒளியன் எண்ணிக்கை இரைச்சலும் இதே வாயில் வழியாக நுழையும் வெற்றிட ஏற்ற இறக்கத்தால் விளைவதே என்பதையும் அவர் காட்டினார்.

இருள் வாயிலைக் கருப்பு மூடி ஒன்றால் அடைத்துவிட்டாலும் பயனில்லை. அந்த மூடியில் இருந்தும் அதே அளவு வெற்றிட ஏற்ற இறக்கம் உள்ளே வரும். ஆனால் இரைச்சல் நுழையும் இடம் தெரிந்துவிட்டதால், அங்கே சாதாரண வெற்றிடத்திற்குப் பதிலாக வேறொன்றை அனுப்ப முடியுமா என்ற வினாவுக்கு வழி பிறந்தது. கேவ்ஸ் முன்மொழிந்த விடை, அமுக்கிய வெற்றிடம் என்பதாகும்.

அமுக்கிய ஒளி

ஓர் ஒளியலையை விவரிக்க அதன் வீச்சு, கட்டம் ஆகிய இரண்டும் தேவை. வீச்சு என்பது அலையின் உயரம். கட்டம் என்பது முகடு வந்து சேரும் நேரம். அறுதியின்மைக் கொள்கை, இவ்விரண்டின் அறுதியின்மைகளையும் பெருக்கி வரும் தொகைக்கே கீழெல்லை விதிக்கிறது. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் அது எல்லை விதிப்பதில்லை.

சாதாரண ஒளியிலும் வெற்றிடத்திலும் இவ்வறுதியின்மை இரு பக்கத்திற்கும் சமமாகப் பங்கிடப்பட்டுள்ளது. அதனை ஒரு வட்டமாக வரையலாம். அமுக்கிய ஒளியில் அந்த வட்டம் ஒரு நீள்வட்டமாக மாறுகிறது. காற்றடைத்த பலூனை ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் புடைப்பதைப் போல, கட்டத்தின் அறுதியின்மையைக் குறைத்தால் வீச்சின் அறுதியின்மை கூடுகிறது. பரப்பளவு குறைவதில்லை. எனவே இம்முறையில் அறுதியின்மைக் கொள்கை மீறப்படுவதில்லை.

ஈர்ப்பு அலை ஒளியின் கட்டத்தையே மாற்றுகிறது. ஆகவே கட்டத்தின் பக்கம் அமுக்கப்பட்ட வெற்றிடத்தை இருள் வாயில் வழியே அனுப்பினால், எண்ணிக்கை இரைச்சல் குறைகிறது. இரைச்சலின் திறன் 3 டெசிபெல் குறைந்தால், அது பாதியாகக் குறைந்ததாகப் பொருள். சீரொளியின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் பயனுக்கு இது நிகரானது; ஆனால் ஆடிகள் கூடுதலாகச் சூடாவதில்லை.

உருவாக்கும் முறை

அமுக்கிய ஒளி முதன்முதலில் 1985 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்லஷர் குழுவினரால் சோடியம் அணுக்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜெஃப் கிம்பிள் குழுவினர் படிகம் ஒன்றைப் பயன்படுத்தி இதனைச் செய்தனர். ஈர்ப்பு அலைக் கருவிகளில் இந்தப் படிக முறையே பின்பற்றப்படுகிறது.

இம்முறையில், 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி ஒரு சிறப்புப் படிகத்தினுள் செலுத்தப்படுகிறது. படிகத்தினுள் ஒரு பச்சை ஒளியன், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டு அகச்சிவப்பு ஒளியன்களாகப் பிரிகிறது. இந்த இரட்டை ஒளியன்கள் ஒன்றாகப் பிறந்தவை என்பதால், அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றவை. இரட்டைகளாக வரும் ஒளியன்களின் இத்தொடர்பே ஒரு பக்க இரைச்சலைக் குறைத்து மறுபக்க இரைச்சலைக் கூட்டுகிறது.

ஒளி இழப்பு

அமுக்கிய ஒளியைக் கையாள்வதில் உள்ள பெரும் சிக்கல் ஒளி இழப்பு ஆகும். வழியில் ஒளியின் ஒரு பகுதி சிதறினாலோ உறிஞ்சப்பட்டாலோ, இழந்த பகுதியின் இடத்தைச் சாதாரண வெற்றிட ஏற்ற இறக்கம் நிரப்பிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, இரைச்சலைப் பத்தில் ஒரு பங்காக, அதாவது 10 டெசிபெல் அளவுக்கு அமுக்கிய ஒளியில் 30 விழுக்காடு இழக்கப்பட்டால், எஞ்சும் 70 விழுக்காட்டில் இருந்து 0.07 பங்கும், புகுந்த வெற்றிடத்தில் இருந்து 0.30 பங்கும் சேர்ந்து 0.37 ஆகிறது. அமுக்கம் 4.3 டெசிபெல்லாகக் குறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் 2016 இல் 15 டெசிபெல் அமுக்கம் எட்டப்பட்டிருந்தும், கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் கருவிகளில் பயன் குறைவாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். ஒவ்வோர் ஆடியின் தூய்மையும், ஒவ்வொரு வில்லையின் சீரமைப்பும் இங்கு கணக்கில் வருகின்றன.

கருவிகளில் பயன்பாடு

செருமனியில் ஹனோவர் நகருக்கு அருகில் உள்ள, 600 மீட்டர் நீளக் கைகளைக் கொண்ட ஜியோ 600 கருவியில் 2010 ஆம் ஆண்டில் அமுக்கிய ஒளி சேர்க்கப்பட்டது. அதில் 3.5 டெசிபெல் வரை இரைச்சல் குறைந்தது என 2011 இல் அறிவிக்கப்பட்டது. ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ கருவியில் 2011 இல் நடந்த சோதனையின் முடிவுகள் 2013 இல் வெளியாயின. எனினும் 2015 ஆம் ஆண்டின் முதல் ஈர்ப்பு அலைப் பதிவு, அமுக்கிய ஒளி இன்றியே நிகழ்ந்தது.

2019 ஏப்பிரல் 1 அன்று தொடங்கிய மூன்றாவது நோக்குக் காலத்தில், லைகோவின் இரு கருவிகளும் இத்தாலியில் உள்ள விர்கோ கருவியும் அமுக்கிய ஒளியுடன் இயங்கின. லைகோவில் 50 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் இரைச்சல் 3 டெசிபெல் வரை குறைந்தது. இதனால் எதிர்பார்க்கப்படும் நிகழ்வுகளின் எண்ணிக்கை ஹான்ஃபோர்டில் 40 விழுக்காடும் லிவிங்ஸ்டனில் 50 விழுக்காடும் உயர்ந்தது.

இரைச்சலில் ஏற்படும் சிறு குறைவு, நிகழ்வுகளின் எண்ணிக்கையில் பெரிய உயர்வாக மாறுவது கவனிக்கத்தக்கது. கருவி எட்டும் தொலைவு 14 விழுக்காடு கூடினால், அது நோக்கும் அண்டவெளியின் பருமன் 1.14 இன் மும்மடி, அதாவது ஏறத்தாழ 1.48 மடங்காகிறது.

அதிர்வெண் சார்ந்த அமுக்கம்

கட்டத்தின் பக்கம் அமுக்கும்போது வீச்சின் பக்கம் புடைக்கிறது. வீச்சின் ஏற்ற இறக்கமே ஆடிகளைத் தள்ளுவதால், குறைந்த அதிர்வெண்களில் கதிரழுத்த இரைச்சல் கூடுகிறது. உயர்ந்த அதிர்வெண்களில் பெற்றதைத் தாழ்ந்த அதிர்வெண்களில் இழக்க நேரிடுகிறது. பெரும் நிறைக் கருந்துளைகளின் அலைகள் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைவதால் இவ்விழப்பைப் புறக்கணிக்க இயலாது.

உயர்ந்த அதிர்வெண்களில் கட்டத்தையும், தாழ்ந்த அதிர்வெண்களில் வீச்சையும் அமுக்குவதே இதற்குத் தீர்வாகும். அதாவது, நீள்வட்டத்தின் சாய்வு அதிர்வெண்ணுக்கு ஏற்பத் திரும்ப வேண்டும். கிம்பிள், தோர்ன் உள்ளிட்ட ஐவர் 2001 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இதனைச் செய்யும் முறையை விளக்கியது. எதிரெதிரே வைக்கப்பட்ட இரு ஆடிகளுக்கு இடையே அமுக்கிய ஒளியைச் சில மில்லிநொடிகள் தேங்கச் செய்தால், மெதுவான ஏற்ற இறக்கங்கள் உள்ளே நுழைந்து திரும்பிய நிலையில் வெளிவருகின்றன. வேகமானவை நுழையாமல் மாறாத நிலையில் தெறித்துவிடுகின்றன. இவ்வமைப்பு வடிகட்டி ஒத்ததிர்வி எனப்படுகிறது.

லைகோவில் 300 மீட்டர் நீளமுள்ள இத்தகைய ஒத்ததிர்விகள் புதிதாகக் கட்டப்பட்டன. 2023 மே 24 அன்று தொடங்கிய நான்காவது நோக்குக் காலத்தில் அவை பயன்பாட்டுக்கு வந்தன. அமுக்கிய ஒளியே இல்லாத நிலையுடன் ஒப்பிடும்போது, கருவி எட்டும் தொலைவு 15 முதல் 18 விழுக்காடும், நோக்கும் பருமன் 65 விழுக்காடு வரையும் உயர்ந்தன.

ஆடிகளில் காணப்பட்ட குவாண்டம் விளைவு

ஈர்ப்பு அலையைத் தேடும் முயற்சி குவாண்டம் இயற்பியலுக்கும் புதிய அறிவை அளித்துள்ளது. ஒளியின் குவாண்டம் ஏற்ற இறக்கத்தால் 40 கிலோகிராம் ஆடிகள் 10⁻²⁰ மீட்டர் அளவுக்கு அசைவதை லைகோ ஆய்வாளர்கள் 2020 இல் அளந்து வெளியிட்டனர். மனிதரின் உடல் எடையை ஒத்த ஒரு பொருளில் இத்தகைய விளைவு காணப்பட்டது குறிப்பிடத்தக்கது. 2021 இல், ஆடிகளின் கூட்டு அசைவு ஒன்று 77 நானோகெல்வின் வெப்பநிலைக்கு ஒப்பாகத் தணிக்கப்பட்டது.

செந்தரக் குவாண்டம் எல்லையைக் கடந்த அளவீடு லிவிங்ஸ்டனில் நிகழ்ந்து, 2024 இல் வெளியிடப்பட்டது. 35 முதல் 75 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்களில், குவாண்டம் இரைச்சல் அவ்வெல்லைக்குக் கீழே 3 டெசிபெல் வரை சென்றது. எண்ணிக்கை இரைச்சலும் கதிரழுத்த இரைச்சலும் ஒன்றையொன்று சாராதவை என்ற கருதுகோளின் மேல் அமைந்ததே அவ்வெல்லை. கருவியினுள் ஒளியின் வீச்சு ஆடியைத் தள்ளுகிறது. ஆடியின் அசைவு ஒளியின் கட்டத்தில் பதிகிறது. இவ்வாறு இரண்டும் தொடர்புற்றுவிடுவதால், தகுந்த கோணத்தில் அமுக்கிய ஒளியைக் கொண்டு ஒன்றால் மற்றொன்றைக் குறைக்க முடிகிறது.

வானியலில் கிடைத்த பயன்

முதலிரு நோக்குக் காலங்களில் 11 நிகழ்வுகள் பட்டியலிடப்பட்டன. மூன்றாவது நோக்குக் காலத்தின் முடிவில் அவ்வெண்ணிக்கை 90 ஆனது. இவ்வுயர்வுக்கு அமுக்கிய ஒளி மட்டுமே காரணம் அன்று. சீரொளியின் திறன், ஆடிகளின் தரம், நோக்கிய காலத்தின் நீளம் ஆகியவையும் பங்களித்துள்ளன.

2025 சனவரி 14 அன்று பதிவான 'ஜிடபிள்யூ250114' என்னும் நிகழ்வு, இவ்வளர்ச்சியை நன்கு காட்டுகிறது. அதன் கருந்துளைகள் 2015 ஆம் ஆண்டின் முதல் நிகழ்வில் இருந்தவற்றை ஏறத்தாழ ஒத்த நிறையும் தொலைவும் கொண்டவை. ஆனால் இரைச்சலை ஒப்பிட்ட சைகையின் வலிமை, முதல் நிகழ்வில் 24 ஆகவும் இதில் ஏறத்தாழ 80 ஆகவும் இருந்தது. இத்தெளிவின் பயனாக, கருந்துளைகளின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என 1971 இல் ஸ்டீவன் ஹாக்கிங் கூறிய தேற்றத்தைச் சோதிக்க முடிந்தது. இணைவுக்கு முன் இரண்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டராகவும், இணைந்த பின் ஏறத்தாழ 4,00,000 சதுர கிலோமீட்டராகவும் இருந்தது.

நியூத்திரன் விண்மீன்களின் ஆய்விலும் இதன் தேவை பெரிது. 2017 ஆகத்து 17 அன்று இரு நியூத்திரன் விண்மீன்கள் இணைந்த நிகழ்வு பதிவானது. ஆனால் இணைவுக்குப் பிந்தைய சைகை எதுவும் கண்டறியப்படவில்லை. அது ஆயிரம் ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் எதிர்பார்க்கப்படுவது. அப்பகுதியில் எண்ணிக்கை இரைச்சலே மேலோங்கி நிற்கிறது. அணுக்கருவினும் அடர்ந்த பொருளின் இயல்பை அறிய அந்தச் சைகை உதவும்.

ஈர்ப்பு அலையும் கிராவிட்டானும்

மேற்கூறியவை யாவும் அளக்கும் ஒளியின் குவாண்டம் இயல்பைப் பற்றியவை. ஈர்ப்பு அலையே குவாண்டம் துகள்களால் ஆனதா என்பது வேறு வினாவாகும். அத்துகளுக்குக் கிராவிட்டான் என்று பெயர். அது இதுவரை கண்டறியப்படவில்லை.

100 ஹெர்ட்சு அதிர்வெண்ணில் ஒரு கிராவிட்டானின் ஆற்றல் 6.6×10⁻³² ஜூல் மட்டுமே இருக்கும். 2015 ஆம் ஆண்டின் நிகழ்வில் வெளிப்பட்ட ஆற்றலை இதனால் வகுத்தால், 10⁷⁸ க்கும் மேற்பட்ட கிராவிட்டான்கள் எனக் கணக்கு வருகிறது. இத்துணை பெரிய எண்ணிக்கையில் தனித்துளிகளின் தடயம் தெரிவதில்லை. அலை முற்றிலும் சீரானதாகவே தோன்றும். தனியொரு கிராவிட்டானை லைகோ போன்ற கருவியால் கண்டறிய இயலாது என ஃப்ரீமன் டைசன் வாதிட்டுள்ளார். அண்டத்தின் தொடக்கத்தில் குவாண்டம் ஏற்ற இறக்கங்களால் ஈர்ப்பு அலைகள் உண்டாகியிருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. இதன் தடயம் கிடைத்ததாக 2014 இல் வெளியான அறிவிப்பு, விண்மீன் இடைத்தூசியின் விளைவே என 2015 இல் தெரியவந்தது.

வருங்காலக் கருவிகள்

ஐரோப்பாவில் 10 கிலோமீட்டர்க் கைகளுடன் நிலத்தடியில் திட்டமிடப்பட்டுள்ள ஐன்ஸ்டைன் தொலைநோக்கி, அமெரிக்காவில் 40 கிலோமீட்டர்க் கைகளுடன் திட்டமிடப்பட்டுள்ள காஸ்மிக் எக்ஸ்புளோரர் ஆகிய இரண்டும் 10 டெசிபெல் அமுக்கத்தை இலக்காகக் கொண்டுள்ளன. இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோவின் மூன்றாவது கருவியை நிறுவ, 2023 ஏப்பிரலில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. 10 டெசிபெல் என்னும் இலக்கை எட்ட, கருவி முழுவதிலும் ஒளி இழப்பைப் பத்து விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவர வேண்டும். இதுவே இத்துறையின் முதன்மையான பொறியியல் சவாலாக உள்ளது.